அண்ணனுக்கு அனுப்பிய கணினி

சாம்பல் இன்னும் சுட்டது. தூயென் அதைப் பொருட்படுத்தாமல் வாசலில் இருந்த தகர வாளிக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் துழாவினாள். ஒரு மூலையாவது எரியாமல் மிஞ்சியிருக்க வேண்டும். விரல் அகலத் துண்டு போதும். காகிதச் செருப்பின் வார் ஒன்று வந்தது. பொன்னிறம் போகாத காசுத்தாள் வந்தது. அந்தப் படம் மட்டும் வரவில்லை.

ஏழாம் மாதப் பௌர்ணமி. ஹாய்போங் நகரத்தின் அந்தச் சந்து முழுக்க வீட்டுக்கு வீடு வாளி வைத்து, செத்துப்போனவர்களுக்குக் காகிதச் சட்டை, காகித போன், காகித வீடு என்று எரித்துக்கொண்டிருந்தார்கள். புகை மேலே போக இடமில்லாமல் ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. எதிர்வீட்டு பிக் அத்தை, நாதியில்லாத ஆவிகளுக்காகத் தெருவில் கஞ்சி தெளித்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, சாம்பல்ல குளிக்கிறியா?"

"ஒரு படம் அத்தை. தெரியாம போட்டுட்டேன். எடுக்கணும்."

"போட்டது போட்டாச்சு. அவங்க வாங்கினப்புறம் நீ கைய விட்டா, கையோட சேத்துத்தான் இழுப்பாங்க." அத்தை கரண்டியை உதறினாள். "உங்கண்ணன் உயிரோட இருந்தப்பவே எதையும் திருப்பித் தர மாட்டான். இப்ப மட்டும் தந்துடுவானாக்கும்." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

தூயெனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சும் சரியாக வரவில்லை. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு சின்ன உரசல் கேட்டது, நெஞ்சுக்குள் ஏதோ தட்டிச் சுற்றுகிற மாதிரி. அந்த உரசல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

மாடியில் இருக்கும் கணினியின் காற்றாடிச் சத்தம்.

அது அண்ணன் குவானுடையது. போன வருடம் துறைமுகச் சாலையில் லாரிக்கு அடியில் போகிறவரை அதை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை அவள் விசைப்பலகையில் கை வைத்ததற்கு, இழுப்பறையை அவள் விரல்கள் மேல் அறைந்து மூடினான். அவன் போன பிறகு அது அவளுக்கு வந்தது. விழித்துக்கொள்ளவே உலையில் தண்ணீர் கொதிக்கும் நேரம் ஆகும். பாடத்துக்கு வரைந்ததையெல்லாம் சேமிக்கும் முன் உறைந்து நிற்கும். மேலே தூசியும் அவனுடைய வியர்வை வாடையும்.

புதிது வேண்டும் என்று கேட்டாள். அம்மா முடியாது என்றாள். கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அம்மாவின் தம்பி தின் மாமாவைக் கூப்பிட்டு, தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் அவரை இழுத்தார்கள்.

"ரேம் போட்டு, டிஸ்க் மாத்திக் குடுக்கலாம் அக்கா. ஓடும். ஆனா போர்டு கிழடு. செத்தவனுக்குப் பல்லு கட்டற மாதிரி."

"ஓடினாப் போதும். என் புள்ள தொட்டது அது. அதைத் தூக்கிப் போடறதா இருந்தா முதல்ல என்னைத் தூக்கிப் போடு."

"இவ படிக்க வேணாமா?"

"அவன் இதுலதான படிச்சான்? இவளுக்கு மட்டும் என்ன கேடு?"

அதனால்தான் தூயெனுக்கு அந்த யோசனை வந்தது. எரித்த பொருள் செத்தவனுக்குச் சொந்தம். அவனுக்குச் சொந்தமானதை அம்மா எப்படிப் பிடித்து வைத்துக்கொள்வாள்? கடையில் விற்கும் காகிதக் கணினி வெறும் பொம்மை. இதே கணினி போக வேண்டும். அணைந்திருந்த அதை நேராக நின்று போனில் படம் எடுத்தாள். சந்து முனையில் வண்ணத்தில் அச்செடுத்தாள். பின்பக்கம் அண்ணனின் பெயரை எழுதி, இன்று பிற்பகல் மற்றவற்றோடு வாளியில் போட்டாள். அம்மாவிடம் சொன்னபோது கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பிறகு அம்மா கோயிலுக்குக் கிளம்பிப் போனாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தூயென் மாடிக்குப் போனாள். யாரும் போடாமலே கணினியின் காற்றாடி உரசிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் அறை தெரிந்தது. ஜன்னல், கட்டில், பூசை மாடத்தின் சிவப்பு விளக்கு. அவள் மட்டும் தெரியவில்லை. கையை ஆட்டினாள். குனிந்தாள். மூக்கு கண்ணாடியில் முட்டும்வரை நெருங்கினாள். கட்டில்தான் தெரிந்தது, அவளுக்கு ஊடாக.

போனை எடுத்துப் பிற்பகலில் அனுப்பிய படத்தைத் திறந்தாள். கணினி இருந்தது. அதன் கறுப்புத் திரையில், போனைத் தூக்கிப் பிடித்தபடி, பள்ளிச் சட்டையோடு, அவள் இருந்தாள்.

கணினியை மட்டும் அனுப்பவில்லை.

அப்போதுதான் கீழே ஓடிவந்து வாளிக்குள் கையை விட்டாள்.

ஸ்கூட்டர் வந்து நின்றது. தின் மாமா ஓட்ட, பின்னால் அம்மா. அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"கை ஏன்டி இப்படிக் கிடக்கு? போய்க் கழுவு." குரலில் கோபம் இல்லை. அதுவே பயமாக இருந்தது.

மூவரும் மேலே போனார்கள். மாமா மேசைக்கு அடியிலிருந்த கணினிப் பெட்டியை ஒரு கையால் தூக்கி மேலே வைத்து, பொத்தானை அழுத்திப் பார்த்தார். கணினி உடனே விழித்தது, புதுசு மாதிரி.

"அட. இன்னிக்கு என்ன இவ்வளவு வேகம்?"

பக்கத் தகட்டைக் கழற்றிக் குனிந்து தூசியை ஊதினார். தூயென் அறையின் மறுகோடியில் நின்றிருந்தாள். சிகரெட் நாற்றம் அடித்த சூடான மூச்சு அவள் முகத்தில் நேராக வந்து மோதியது. கண்ணை மூடிக்கொண்டாள். மாமா, உரசும் காற்றாடியை விரலால் தொட்டு நிறுத்தினார்.

அவள் மூச்சு நின்றது.

வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை. விரலை எடுத்தார். வந்தது.

"இப்ப சொல்லு அக்கா. சரி பண்றதா, தூக்கறதா? நாளைக்கு மறுபடி மாத்திப் பேசக்கூடாது."

அம்மா தூயெனை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தலையைக் கோதினாள். அண்ணன் போனதிலிருந்து அந்தக் கை அவள் தலையில் பட்டதில்லை. அதற்காக எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது எங்கோ பக்கத்து அறையில் யார் தலையையோ தடவுவது போல இருந்தது.

"தூக்கிட்டுப் போடா. அது அவன்கிட்டப் போயிடுச்சு. புடிச்சு வச்சு என்ன செய்ய? இவளாவது புதுசுல நல்லா இருக்கட்டும்."

"வேணாம்மா." குரல் கரகரத்தது. "பழசே இருக்கட்டும். ரேம் போட்டுக்கலாம்."

மாமா சிரித்தார். "ஒரு வருஷமா இதைக் கொல்லணும்னு நின்ன. இப்ப என்ன திடீர்ப் பாசம்?"

"எங்க கொண்டு போவீங்க மாமா?"

"பழைய சாமான்காரன்கிட்டத்தான். செம்ப உருவிட்டு மிச்சத்தக் கொளுத்திடுவான்."

"மாமா, வேணாம்."

"அழாத. நாளைக்கே புதுசு வந்துடும்."

எழ நினைத்தாள். கால் வரவில்லை. கை வரவில்லை. மாமா சுவர்ப்பக்கம் குனிந்தார். பிளக்கில் கை வைத்தார்.

அம்மா, பாரு. என்னைப் பாரு.

திரை அணைந்தது. காற்றாடி தளர்ந்தது. ஒரு சுற்று. இன்னொன்று. அரை.

இருட்டு. தூசி. சுட்ட தகர வாடை. வியர்வை. அவளுடைய வியர்வை இல்லை.

தரை நழுவியது. யாரோ தூக்குகிறார்கள். படிக்கட்டு. பெட்டி சுவரில் இடித்தது. தோள் நொறுங்கியது. கத்த வாய் இல்லை. உள்ளே இடம் மிகக் குறைவாக இருந்தது. ஏற்கெனவே ஒருவன் இருந்தான். முழங்காலை மடக்கிக்கொண்டு, மெதுவாக, அவள் விரல்களைத் தேடி எடுத்தான். ஒவ்வொன்றாக.

மேலே, வெகு தூரத்தில், அம்மாவின் குரல். "தூயென், என்னடி இப்படி மரம் மாதிரி உக்காந்திருக்க? அம்மாவப் பாரேன்."

படியில் காலடி நின்றது. மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, மேசை மேல வச்சப்ப ஒரு கையில தூக்கினேனே. இப்ப இவ்வளவு கனக்குதே. இதுக்குள்ள என்ன இருக்கு?"