பம்பளிமாஸ் மரத்தின் ஒரு கிளை

"ஐயா, இந்த மாசத்தோட குடும்பத்தை இட்டுக்கினு ஊரை விட்டே போறேன். அதுக்குள்ள நான் திருடன் இல்லேன்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

அறுபத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். சொன்னவன் நெசவாளி தர்மன். கேட்டவர் தணிகாசலம். நெடுங்காலம் பட்டுத் தரகு பார்த்தவர். விற்பவன் வாயையும் வாங்குபவன் கண்ணையும் ஒரே நேரத்தில் கவனித்துப் பழகியவர். தரகை விட்ட பிறகு ஊரார் தங்கள் புதிர்களை அவரிடம் கொண்டுவந்தார்கள். புதிர் என்றால் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவரும் வீரபத்திரன் பக்கத்திலேயே நின்றான்.

"என்ன காணாமப் போச்சு?"

"ஒரு கண்டு ஜரிகைங்க. காசிநாதன் முதலாளி வீட்டுத் தறியில உக்காந்திருந்தேன். போன வருஷம் ஆடியில ஒரு நாள் சாப்ட்டு வந்து பாக்கறேன், ஜரிகை சுத்தியிருந்த வெறும் கட்டை மட்டும் கெடக்குது. முதலாளி தெருவுல நின்னு திருடன்னு கத்தினாரு. அன்னியிலேர்ந்து ஒருத்தரும் எனக்கு நெய்யப் பாவு குடுக்கல."

"கட்டையை விட்டுட்டா போனான்?"

"ரொம்ப மரியாதைப்பட்ட திருடன்ணா," என்றான் வீரபத்திரன். "சாப்ட்டுட்டு எலையை மட்டும் வெச்சுட்டுப் போயிருக்கான்."

தணிகாசலம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பெரிய காஞ்சிபுரத்தில் காசிநாதன் வாய் நிறைய வரவேற்றார். "அந்தப் பய அனுப்பினானா? போவட்டும். வந்ததுக்கு என் மரத்தைப் பாத்துட்டுப் போங்க. ஊரே வந்து பாத்துக்கினு இருக்குது."

கொல்லையில் பம்பளிமாஸ் மரம் நின்றது. நாலைந்து பெருங்கிளைகளில் இலையைத் தவிர ஒன்றுமில்லை. கிணற்றுப் பக்கத்துக் கிளை மட்டும் குடம் குடமாய்க் காய்த்துத் தரை வரை வளைந்திருந்தது. இலையைக் கசக்காமலே வாசனை வந்தது. எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லி விலையை இறக்கியே பிழைத்த தணிகாசலத்துக்கு, அன்று ஒரு குறையும் கிடைக்கவில்லை. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"காய்க்கலைன்னு வெட்டிட்டுத் தறிக்கொட்டாய் போடலாம்னு இருந்தேன்," என்றார் காசிநாதன். "பொழைச்சுக்கிச்சு."

கிளை மரத்தோடு சேரும் இடத்தில், இறுகின கொலுசுக்கு மேலே வீங்கிய கால் மாதிரி, பட்டை தடித்திருந்தது. அதில் காய்ந்த குங்குமம். நேர் கீழே துணி துவைக்கும் கல். ஏறி நின்றால் கை எட்டும். வீரபத்திரன் ஏறிக் கையை நீட்டினான்.

"அங்க கை வெக்காதீங்க!" காசிநாதனின் மனைவி நீலாம்பாள் குரல் உடைந்து வந்தது.

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். பிறகு தர்மனையும் வரச்சொல்லி ஆளனுப்பினார். எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள்.

"ஒரே வேரு, ஒரே தண்ணி, ஒரே எரு," என்றார் தணிகாசலம். "ஒரு கிளை மட்டும் காய்ச்சா, அந்தக் கிளைக்கு மட்டும் யாரோ எதையோ செஞ்சிருக்காங்க. இலை ஆக்கற சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ இறங்கும். பட்டையை இறுக்கிக் கட்டினா மேலேயே தங்கிப் பூவா, காயா ஆயிடும். சும்மா நூலா இருந்தா ரெண்டு மழையில இத்துப்போயிருக்கும். இது இத்துப்போகல."

பேனாக்கத்தியால் பட்டையின் உதட்டை மெல்ல நெம்பினார். உள்ளே, சுற்றுமேல் சுற்றாக, பொன் மின்னியது. மரம் அதை விழுங்கி வைத்திருந்தது.

"என் ஜரிகை!" என்றார் காசிநாதன்.

"திருடன் கட்டையோட எடுத்துக்கினு போவான், பிரிச்சா சிக்காயி விலை போவாதே," என்றார் தணிகாசலம். "நூல் மட்டும் போதும்னு இங்கியே பிரிச்சவங்க இந்த வீட்டு ஆளு. ஊரெல்லாம் வேண்டுதலுக்கு மஞ்சக்கயிறு கட்டுது. பட்டு யாவாரி வீட்டுல அது மட்டமா பட்டிருக்கும்."

நீலாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான்தான். மரத்தை வெட்டறேன்னீங்க. மொதக் காய் காமாட்சிக்குன்னு வேண்டிக்கினு கட்டினேன். காய் சாமிக்குப் போறவரைக்கும் வாயைத் தொறந்தா பலிக்காதும்பாங்க. அன்னிக்குச் சாயந்தரமே நீங்க தெருவுல நின்னு… மரத்தைக் காப்பாத்தப் போயி மனுசனை வெட்டிட்டேன்."

"அந்த ஜரிகையை அவுத்துடுங்கம்மா," என்றார் தணிகாசலம். "இதுக்கு மேல இறுகினா கிளை செத்துடும்."

காசிநாதன் தொண்டையைச் செருமினார். "தர்மா, நாளைக்கே தறியில வந்து உக்காருப்பா. பழுத்ததும் ஒரு பழம் உனக்குத்தான்."

"பழம் வேணாங்க. அன்னிக்கு எங்க நின்னு கத்தினீங்களோ, அங்கியே நின்னு சொல்லுங்க. அதே சத்தத்துல."

"தரகரே, இங்கியே சொல்லிட்டா ஆவாதா?"

"இதுல குறைக்க இடமில்ல முதலாளி."

காசிநாதன் தெருவில் இறங்கினார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை, "தர்மன் திருடன் இல்ல! தப்பு என் மேல!" என்று கத்தினார். எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. தலைகள் எட்டிப் பார்த்தன.

எதிர்வீட்டுக் கண்ணாயிரம் வாசலுக்கு வந்தார். "தர்மா, என்கிட்ட ஒரு பாவு சும்மா கெடக்குது. வரியா?"

"யோவ், அவன் என் ஆளுய்யா!" என்று பாய்ந்தார் காசிநாதன்.

தர்மன் இருவரையும் நிதானமாக மாறி மாறிப் பார்த்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றான்.