கடலைப் பார்த்த பங்கர்

மேரிசெலினின் தேநீருக்குள் ஒரு சின்ன வட்டம் எழுந்து, கோப்பையின் விளிம்பைத் தொட்டு அடங்கியது. மேசையில் யாரும் கை வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மாதத்துப் பின்னேர இருட்டு, மேற்குக் கடலின் ஓயாத இரைச்சல், அடுப்படியில் கணவர் மரியரட்ணம் மீன் பொரிக்கிற வாசனை, எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் அவளுடைய முதுகு குளிர்ந்துவிட்டது.

அவரிடம் சொன்னாள். பக்கத்தில் ஆமிக்காரரின் பயிற்சித் திடல் இருக்கிறது, லீவில் வந்த இடத்திலாவது நிம்மதியாக இரு என்றார். அவர் தொண்ணூறிலேயே டென்மார்க்குக்கு, பிரெடெரிசியா நகரத்துக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தவர். ஷெல்லடியை டிவியில் பார்த்தவர். அவளோ கடைசி யுத்தத்தை வன்னியில் பங்கருக்குள் கிடந்து கழித்தவள். நல்ல மனிதர்தான், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

வாடகை வீட்டுக்குப் பின்னால், மணல்மேட்டின் மேல், ஜெர்மன்காரர் கட்டிய பங்கர் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதன் முன்னால் இருந்த பலகையைக் காலையில் பத்து வயது மகள் ஜெசிக்கா வாசித்துச் சொன்னாள். கப்டன் லோதர் பிங்கெல், பீரங்கிப்படை அதிகாரி. போலந்து, பிரான்ஸ், பிறகு ரஷ்யா என்று ஊர் ஊராக அடித்து நொறுக்கி, குறி தப்பாதவன் என்று பதக்கம் வாங்கியவன். காயப்பட்டதும் இந்தக் கரைக்கு அனுப்பினார்கள். இங்கே வருடக்கணக்காக எதிரிக் கப்பலுக்குக் காத்திருந்தான். ஒரு கப்பலும் வரவில்லை. யுத்தம் முடிந்த அன்று உள்ளேயே செத்துப்போனான். பங்கரின் நீளமான கண், குறி பார்க்க விட்ட அந்தத் துவாரம், இன்னும் கடலைத்தான் பார்த்தது. இடையில் இருந்தது இந்த வீடு மட்டும். மேரிசெலினுக்கு அவனை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது தடவை நிலமே தூக்கிப் போட்டது. வீட்டுக்கு அப்பால், கடல் பக்கம். வெளிச்சம் இல்லை, புகை இல்லை. அடுத்தது வீட்டுக்கு இந்தப் பக்கம், மணல்மேட்டுப் பக்கம், கிட்ட. கூரையிலிருந்து தூசி கொட்டியது. ஒன்று அப்பால், ஒன்று இப்பால். இனி நடுவில்தான். வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு அது.

"பங்கருக்குள்ள ஓடுவம், வாங்கோப்பா," என்றாள்.

"நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. மீன் கருகிப்போடும்," என்றார் அவர், திரும்பாமலே.

மகளை இழுத்துக்கொண்டு மணலில் ஓடினாள். டேனிஷ்காரி ஒருத்தி என்றால் காரில் ஏறியிருப்பாள். மேரிசெலினுக்கு ஷெல் விழுந்தால் பங்கர். அதற்கு மேல் யோசிக்க உடம்பு விடவில்லை. உள்ளே ஈரச் சீமெந்து மணத்தது. அதோடு இயந்திர எண்ணெய். புது எண்ணெய். குப்புற விழுந்து, பிள்ளையைத் தனக்குக் கீழே இழுக்கக் கையை நீட்டினாள்.

பிள்ளை இல்லை.

ஜெசிக்கா அந்த நீளமான கண்ணருகே நிமிர்ந்து நின்றாள். டேனிஷில், ஆசிரியருக்குச் சொல்வதுபோலப் பணிவாக, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆம், வெளிச்சம் தெரிகிற வீடுதான். இல்லை, வேறு வீடு இல்லை. இன்னும் கொஞ்சம் வலது பக்கம்.

குறி பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் கிடந்தவனுக்கு ஆளைக் கொண்டுவந்து கொடுத்தது மேரிசெலினேதான். கத்தினாள். சத்தம் வரவில்லை. கால் எழும்பவில்லை.

கீழே வீட்டின் பின்கதவு திறந்தது. மரியரட்ணம் வாசலில் வந்து நின்றார். முதுகில் அடுப்படி வெளிச்சம். சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

ஜெசிக்காவின் தோளில் சாம்பல் நிறக் கையுறை ஒன்று இருந்தது. அவளை மெதுவாக, இன்னும் கொஞ்சம் திருப்பியது.

சரி, இப்போது, என்றாள் பிள்ளை.

கையுறை தோளை விட்டு மேலே உயர்ந்தது.