பத்து மணிக்கு வரச் சொன்னவன்

காலை பத்து மணிக்குச் சின்னையன் வீட்டுக் கூடத்தில் சோப்பு வாசனை அடித்தது. வீட்டில் இருப்பது சந்தன சோப்பு. இதுவோ ஜெயிலில் துண்டு போட்டுக் கொடுக்கிற சிவப்பு சோப்பு. 2007 சித்திரை வெயிலில் சிதம்பரமே காய்ந்து கிடக்க, வாசலிலிருந்து அவர் நாற்காலி வரைக்கும் சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாய் ஈரம். இது மூன்றாவது நாள்.

"பைப்பு ஒழுவுதா பாருங்க," என்று துடைத்துவிட்டுப் போனாள் மனைவி விருத்தாம்பாள். அவர் பார்க்கிற மாதிரி நடித்தார். மனுஷனுக்கு நடிப்பு ஒன்றும் புதுசில்லை.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், வெளியூர் ஜெயில் ஒன்றில் அவர் வார்டர். தூக்குக் கைதி பக்கிரி கேட்டான், "நாளைக்கி எப்பங்கய்யா?" தூக்கு என்றால் விடியுமுன்தான். மற்ற கைதிகள் முழிப்பதற்குள், வாசலில் கூட்டம் சேர்வதற்குள், சாகப்போகிறவன் பகல் பூராவும் மணி எண்ணித் தவிக்காமலிருக்க. எல்லாம் தெரிந்த சின்னையன் சொன்னார்: "பத்து மணிக்குடா. ஒங்கம்மா ஒம்போதுக்கே வந்துரும். பாத்துட்டுப் போவலாம். தூங்கு."

பையன் நம்பித் தூங்கினான். வார்டரும் தூங்கினார், அதற்காகத்தானே சொன்னது. நாலு மணிக்கு எழுப்பிக் குளிக்க வைத்தபோது, "அம்மா வந்துட்டாங்களாய்யா?" என்றான். அவன் அம்மாவிடமும் அதையே சொல்லியிருந்தார். அந்தம்மா கடலூர் முதுநகரிலிருந்து மீன்குழம்போடு ஒன்பது மணிக்கு வந்து நின்றது.

வீட்டில் சொல்லி வைத்திருப்பது வேறு கதை. ராத்திரி பூரா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாராம். விருத்தாம்பாள் அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். அவள் முகத்தில் அந்தப் பெருமை இருக்கிறவரைதான் அவரும் ஒரு மனுஷன்.

நாலாம் நாள் பத்தடிக்குமுன் கொல்லைப்பக்கக் கக்கூசுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அறுபத்தைந்து வயசு ஆம்பளை. வெட்கமாக இருந்தது. காக்கா கத்தியது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது, அப்புறம் எல்லாம் அடங்கியது.

கூடத்திலிருந்து விருத்தாம்பாள் குரல் வந்தது.

"ஏங்க, பத்து மணிக்கு வரச் சொன்னீங்களாமே? புள்ள தெனம் வந்து பாத்துட்டுப் போவுதாம். எங்க இருக்கீங்க?"

கதவிடுக்கில் சோப்பு வாசனை. போய் அவளை வெளியே இழுக்க வேண்டும். யாரென்று சொல்ல வேண்டும். சொன்னால், எதற்கு வந்தான் என்று கேட்பாள். கை தாழ்ப்பாள் மேலேயே இருந்தது.

"தலையெல்லாம் ஈரம் கண்ணு. உக்காரு, தொவட்டி வுடறேன்."

திறந்தார். ஓடினார். கூடத்துப் படியில் கால் நின்றுவிட்டது.

அவர் நாற்காலியில் ஒருத்தன். முதுகுதான் தெரிந்தது. அவள் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டு போகிற பக்கமெல்லாம் தலையும் போனது. இந்தத் தோளுக்கு. அந்தத் தோளுக்கு.

"கழுத்துல பெலமே இல்லியே இந்தப் புள்ளைக்கு," என்றாள் விருத்தாம்பாள், அதே பெருமை முகத்தோடு. "யாருங்க இது?"

சொல்லிவிடலாம். வாயும் திறந்தது.

"தெரியலியே," என்றார்.

துண்டுக்குள் தலை மட்டும் மெதுவாக, முதுகுப் பக்கம், அவரைப் பார்க்கத் திரும்பியது. விருத்தாம்பாள் துவட்டிக்கொண்டே இருந்தாள்.