கதவுப் பிடி

பின்சீட்டில் யாருமே இல்லாதபோது, அங்கே பெல்ட் போடச் சொல்லி கார் மணியடித்தது.

"வாடகை வண்டியோட லட்சணம்," என்றார் பல் டாக்டர்.

விடுமுறை தொடங்கியதிலிருந்து அந்தக் காரை அவரேதான் ஓட்டினார், கோட்டை கோட்டையாக, கடலோர ஊர் ஊராக. எதுவும் அவர் கண்ணுக்குத் தேறவில்லை. கோட்டைகளெல்லாம் சொத்தைப் பற்கள். மீன்பிடி ஊர்கள் கழுவாத வாய். விடுதிக்காரர் வாசல்வரை வந்து வழியனுப்பியபோதுகூட, "மேல்வரிசை முழுக்கப் பொய்ப்பல். சிரிப்பும் அதே தரம்," என்று மனைவியின் காதில் சொன்னார்.

மணி நிற்கவில்லை.

"பின்னாடி பை எதுவும் இருக்கா?"

"எல்லாம் டிக்கியில இருக்குங்க," என்றாள் மனைவி. கோட்டையை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் இருந்தது. கடைசிக் கோட்டை கடலுக்குள் ஒரு பாறைமேல் நின்றது. கரைக்கும் அதற்கும் நடுவே தாழ்வான ஒரு கல்பாதை. மாலையில் கடல் ஏறி அதை மூடிவிடும். வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெண் கதவைப் பூட்டிவிட்டு இவர்கள் காரிடம் ஓடிவந்தாள். "சார், என்னை ஏத்திக்கிற வேன் இன்னிக்கு வரல. தண்ணி ஏறுது. கரை வரைக்கும் விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

"ஏறுங்கக்கா," என்றாள் மனைவி.

அந்தப் பெண் கதவுப் பிடியில் கை வைத்தாள். டாக்டர் காரை இரண்டடி முன்னால் நகர்த்தினார். அவள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து மறுபடி கை வைத்தாள். மறுபடி இரண்டடி. மூன்றாம் முறை அவள் சிரிக்கவில்லை. கையைப் பாதியில் நிறுத்தி, அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவர் காரைக் கிளப்பிவிட்டார்.

"ஈரச் செருப்போட சீட்டுல ஏறவா? கோட்டையிலயே படுத்துக்கட்டும், ராணி மாதிரி."

இந்த விளையாட்டு அவருக்குப் பழையது. கடை வாசலில், கல்யாண மண்டபத்தில், மழையில், மனைவி பிடியில் கை வைக்கும் நேரம் பார்த்து வண்டியை நகர்த்துவார். கல்யாணமான புதிதில் அவளும் சிரித்தாள். இப்போதெல்லாம் தரையைப் பார்த்தபடி காரின் பின்னால் நடந்து வருவாள். கடவுள் மனிதனிடம் மலையைத் தூக்கச் சொல்வதில்லை. அநேகமாக ஒரு கதவைத்தான் திறக்கச் சொல்கிறார். அதுகூட அவருக்கு இளக்காரம்.

கார் பாதி கடந்திருந்த கல்பாதையின்மேல் பனிமூட்டம் சாம்பல் நிறத்தில் இறங்கியது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தும் காருக்குள் கடற்பாசி வாடை வந்தது, நாள்பட்ட ஈரத்துணியின் புளித்த வாடையோடு. ரப்பர் விரிப்பில் செருப்பு ஒன்று 'சளக்' என்று அழுந்துவதுபோல் சத்தம், பிறகு இன்னொன்று, யாரோ கூச்சத்தோடு காலை ஒடுக்கிக்கொள்வதைப் போல. அவர் பின்பார்வைக் கண்ணாடியைத் திருப்பினார். சீட் காலி. ஆனால் பின்சன்னலில் மட்டும் உட்புறமாக ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. மூச்சு விடுவதுபோல்.

"வண்டியைத் திருப்புங்க. அந்தக்கா இருட்டுறதுக்குள்ள நடந்தே கிளம்பிருப்பாங்க."

"உனக்கு ரோட்டுல போற எல்லாரும் அக்கா."

"நிறுத்துங்க. நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

"தாராளமாப் போ. வரும்போது ரெண்டு பேரும் நீந்தி வாங்க," என்று காரை நிறுத்தினார். கைபிரேக்கை வேகமாக இழுத்தார். அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். சில எட்டு நடந்திருப்பாள். பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏங்க! பின்னாடி பாதையே இல்லைங்க! எல்லாம் தண்ணி!"

அவள் ஓடிவந்தாள். தண்ணீர் அவள் கணுக்காலோடு கூடவே ஓடிவந்தது.

அப்போது மணி நின்றது.

பின்சீட்டில் 'கிளிக்' என்றது. யாரோ பெல்ட் போட்டுக்கொண்டார்கள்.

மனைவி கதவுப் பிடியில் கை வைத்தாள். கார் இரண்டடி நகர்ந்தது.

"ஐயோ, இப்பவா விளையாட்டு?"

"நான் இல்லடி! சத்தியமா நான் இல்ல!"

கைபிரேக் மேலேதான் இருந்தது. பிரேக்கைத் தரையோடு மிதித்தார். காலின்மேல் ஏதோ ஏறியது. குளிர்ந்தது. ஈரமானது. ஒரு பாதம்.

அவர் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. சன்னல் இறங்கவில்லை. முழங்கையால் இடித்தார். கண்ணாடி அசையவில்லை.

அவள் மறுபடி ஓடிவந்தாள். முழங்கால் வரை தண்ணீர். கை பிடியைத் தொட்டது.

இரண்டடி.

"கடவுளே, அவளை ஏத்திக்கோ. அவளை மட்டும்." அவர் வாயிலிருந்து வந்த முதல் வேண்டுதல் அது.

பின்சீட்டில் சிரிப்பு எழுந்தது. மூக்கால் தொடங்கி, அடித்தொண்டையில் முடிகிற சிரிப்பு. அவருக்குத் தெரிந்த சிரிப்பு. கல்யாண மண்டபத்தில் சிரித்தது. மழையில் சிரித்தது. அவருடையது.

மூன்றாம் முறை மனைவி வந்து சேர்ந்தபோது தண்ணீர் இடுப்பைத் தொட்டிருந்தது. இந்த முறை அவள் கூப்பிடவில்லை. பிடிக்கு நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள்.

அந்த டிக்கெட் பெண் பார்த்த அதே பார்வை.

கார் இரண்டடி நகர்ந்தது.