டர்ன்பக்கிள் மாலை

பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒன்றுமில்லை.

காலை ஆறரை. வெள்ளிமலையைத் தாண்டி, காட்டு ஓரத்தில் பிலிப்பு கட்டிய புது மாடி வீடு. படிக்கட்டுக்குக் கீழே இருந்த சாமான் அறையைத் திறந்தவர் அவரேதான். சாவி ராத்திரி முழுக்க அவர் தலையணைக்கடியில் இருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே எஃகுக் கம்பிச் சுருள் இருந்தது, ட்ரில் இருந்தது, அட்டைப்பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதில் வந்திறங்கிய டர்ன்பக்கிள்களைத்தான் காணோம்.

டர்ன்பக்கிள் என்பது விரல் நீளத் திருகு. இப்போதெல்லாம் மாடிப்படி ஓரமாக இரும்புத் தூண்களை நட்டு, அவற்றில் துளை போட்டு, குறுக்காக எஃகுக் கம்பிகளை ஓட்டுகிறார்கள். கம்பியின் கடைசி முனையைப் பிடித்து முறுக்கி விறைப்பாக்குவது இந்தத் திருகு. அது இல்லையென்றால் கம்பி துணிக்கொடி மாதிரி தொங்கும். சாயங்காலம் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து, ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கப் போகிறார். படிக்கட்டோ பொக்கை வாயாக நின்றது.

பிலிப்பு யோசிக்கவில்லை. அறை வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்தவன் ஒருத்தன்தான். தியாகதுருகத்திலிருந்து கம்பி மாட்டும் வேலைக்கு வந்த பிட்டர் ஜெயப்பிரகாஷ். பிலிப்பு நேராக டீக்கடைக்குப் போனார். நாலு பேர் காதில் விழும்படி அவனைத் திருடன் என்றார். பிறகுதான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

ஏட்டு கோகிலவாணி எட்டரைக்கு பைக்கில் வந்து சேர்ந்தாள். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி டூட்டியின் தூக்கம் கண்ணில் ஒட்டியிருந்தது. திருட்டு என்றால் அவளுக்கு ஒரு பழக்கம். எது போச்சு என்று கேட்பதற்கு முன்னால் எது போகவில்லை என்று பார்ப்பாள்.

“எழுதிக்குங்க ஏட்டம்மா. எல்லாம் சுத்தமான ஸ்டெயின்லெஸ். காந்தம் வெச்சிப் பாத்தேன், ஒட்டல. உப்புல போட்டு வெச்சாலும் துருப் புடிக்காது,” என்றார் பிலிப்பு. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டார்.

“துரு கெடக்கட்டும் சார். அதுக்குக் காலு எப்டி மொளைச்சிது?”

“அவனைக் கேளுங்க.”

அவள் முதலில் படியேறிப் பார்த்தாள். உச்சியில், மாடித் தளத்து ஓரத்தில் மட்டும் மாதிரிக்காக இரண்டு தூண்களுக்கு நடுவே கம்பி ஓட்டி முடித்திருந்தது. அதன்மேல் ஒரு பழைய நூல் புடவை மேலிருந்து கீழ்வரை மூடிக் கிடந்தது.

“பாருங்க, மலை தெரியணும்னு நான் கம்பி போடறேன்,” என்றார் பிலிப்பு. “கம்பின்னு ஒண்ணக் கண்டா நம்ம பொம்பளைங்க துணி காயப் போட்டுட்றாங்க.”

கோகிலவாணி புடவையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நாலு மூலையும் தூணோடு இறுக்கிக் கட்டியிருந்தது. கீழே இறங்கினாள்.

ஜெயப்பிரகாஷ் பலா மரத்தடியில் குந்தியிருந்தான்.

“எடுத்தியா?”

“இல்லீங்க.”

“வாசல்ல படுத்துக்கினு இருந்தது நீதான?”

“நான்தாங்க. என்னைத் தாண்டி ஒரு பூனைகூட உள்ள போயிருக்க முடியாது.”

“அப்டிச் சொன்னா நீதான்னு ஆவுது, தெரியுதா?”

“தெரியுதுங்க. ஆனா நெசம் அதாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “பெட்டில வெச்சது எப்ப?”

“பெட்டில வெக்கலீங்க. ஒரு துண்டுக் கம்பியில மாலையா கோத்து ஆணியில மாட்டிட்டேன். கீழ்ப் படியிலருந்து மேல் படி வரைக்கும் எது எந்தத் தூணுக்குன்னு வரிசையா, நட்டோட. ஒரு நட்டு வுழுந்தாலும் இந்தப் புல்லுல எங்க தேடறது?”

“கதை வுடறான்,” என்றார் பின்னால் வந்து நின்ற பிலிப்பு. “திருகை எவனாவது பூ மாதிரி கோப்பானா?”

ஜெயப்பிரகாஷ் அவரைப் பார்க்கவில்லை. “ஏட்டம்மா, ரெண்டு அடி வேணா அடிச்சிக்குங்க. கேஸ் மட்டும் வேணாங்க. எங்களை நம்பித்தான் வூட்டைத் தெறந்து வுட்றாங்க. ஒருவாட்டி பேரு கெட்டா எவன் வாசப்படியிலயும் ட்ரில்லை வெக்க முடியாது. அடுத்தாப்புல திருக்கோவிலூர்ல ஒரு வூடு பேசி வெச்சிருக்கேன். காலைலருந்து போன் அடிச்சிக்கினே இருக்குது. எடுக்க பயமா இருக்குது.”

சாமான் அறைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். கதவு இன்னும் பொருத்தவில்லை. கம்பிகளுக்கு நடுவே நாலு விரல் போகும், அட்டைப்பெட்டி போகாது. உள்ளே எதிர்ச்சுவரில் ஆணி இருந்தது. ஆணியிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து ஜன்னல் விளிம்புக்கும் புதுச் சுண்ணாம்பில் பாம்பு ஊர்ந்த மாதிரி ஒரு கீறல். ஜன்னலுக்கு வெளியே சுவரில், நுனியில் கொக்கி வைத்த நீளத் தொரட்டி ஒன்று சாத்தியிருந்தது.

“அம்மாசியோட தொரட்டி,” என்றார் பிலிப்பு உடனே. “அவனுக்கும் எனக்கும் வழித் தகராறு இருக்குது.”

பக்கத்துத் தோட்டத்து அம்மாசி வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “தொரட்டி எங்களுதுதான். நேத்து பலாக்கா அறுக்கறதுக்கு ஒங்க வூட்டுலதான் வாங்கிக்கினு போனாங்க. ஏட்டம்மா, ஜன்னலுக்குக் கீழ, வெளியிலயே கரண்டு வேலைக்கான செப்புக் கம்பி கட்டா கெடக்குது பாருங்க. திருடறவன் அதை வுட்டுட்டுத் திருகை எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவான்? காதுல மாட்டிக்குவானா?”

கோகிலவாணி குனிந்து பார்த்தாள். செப்புக் கட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போகாதது அது.

பத்து மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்தாள். பிலிப்பின் மருமகள் மெர்லின் சாமைக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். இடுப்பில் மூன்று வயது ஜூலியா. குழந்தை இறங்க வேண்டும் என்று நெளிந்தது, உதைத்தது. மெர்லின் இறக்கிவிடவே இல்லை.

“ஒங்க வூட்டுக்காரரு?”

“ஓசூர்ல கம்பெனில இருக்காருங்க. சாயங்காலம் வந்துடுவாரு.”

“கஞ்சில உப்பு கம்மியா இருக்குது.”

மெர்லினின் கை அடுப்பை ஒட்டியிருந்த பெரிய பீங்கான் ஜாடியைத் தாண்டிப் போனது. மேல் தட்டிலிருந்து புது உப்புப் பாக்கெட்டை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, ஒரு சிட்டிகை போட்டாள்.

“இந்த ஜாடில இன்னா?”

“கல்லுப்புங்க.”

கோகிலவாணி கஞ்சியைக் குடித்து முடித்தாள். நல்ல கஞ்சி. பிறகு எல்லாரையும் மாடிக்கு வரச் சொன்னாள்.

“திருடன் அறைக்குள்ள வரவே இல்ல,” என்று ஆரம்பித்தாள். “ஜன்னல் வழியா தொரட்டிய வுட்டு, மாலையை ஆணியிலருந்து தூக்கி, இழுத்துக்கினு போயாச்சி. பெட்டி வெளிய வராது, மாலை வரும். பிட்டரு பொய் சொல்லல. ஜன்னலாண்ட செப்பு இருக்குது, தொடல. அப்ப எடுத்த ஆளுக்குக் காசு வேணாம். படிக்கட்டுக்குக் கம்பி வரக்கூடாது, அவ்ளோதான் வேணும்.”

“யாருக்கு? அதுல யாருக்கு இன்னா லாபம்?”

“பொடவை காயப் போட்டிருக்குதுன்னு சொன்னீங்களே சார். காயப் போட்ட பொடவைக்கு நாலு முடிச்சு எதுக்கு?”

பிலிப்பு குனிந்து ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். புடவை கழன்று விழுந்தது. தூணுக்குத் தூண் பளபளவென்று கம்பிகள், அவற்றுக்கு அப்பால் பனி விலகிய மலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“மெர்லினு, கொழந்தையை எறக்கி வுடு.”

“வேணாங்க மேடம்.”

“நான் புடிச்சிக்கறேன். எறக்கு.”

கால் தரையில் பட்டதும் ஜூலியா யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கம்பிக்கு ஓடினாள். முதல் கம்பியில் ஒரு கால், அடுத்ததில் மறு கால், அதற்கும் மேலே முழங்கால். பிலிப்பு மூச்சை இழுப்பதற்குள் உச்சியிலிருந்த கைப்பிடிக் குழாயின்மேல் வயிறு படிந்திருந்தது. தலை அந்தப் பக்கம். கீழே வெறும் பாறை. கவுனின் பின்கயிறு மட்டும் கோகிலவாணியின் கைக்குள் இருந்தது. குழந்தை சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

“பேத்திக்கு ஏணி கட்டிக் குடுத்திருக்கீங்க சார்,” என்று சொல்லிக் குழந்தையை இறக்கினாள்.

மெர்லின் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். “எவ்ளோ வாட்டி சொன்னேன் மாமா. மலை தெரியணும்னீங்க. அவரும் போன்ல அப்பா சொன்னா சரின்னுட்டாரு. இன்னிக்கிக் கம்பி முடியாம நின்னா, சாயங்காலம் வந்து இவ ஏறறதை அவரே கண்ணால பாப்பாருன்னு நெனைச்சேன். இந்த அண்ணனைச் சொல்லுவீங்கன்னு நெனைக்கல.”

“நெனைக்கல, சரி,” என்றாள் கோகிலவாணி. “காலைலருந்து அந்த ஆளு மரத்தடியில குந்திக்கினு இருந்தான். அதைப் பாத்துக்கினேதான கஞ்சி காச்சின?”

மெர்லின் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“போ, உப்பு ஜாடியைக் கொண்டா.”

“உப்பு ஜாடியா?” என்றார் பிலிப்பு.

“கையாண்ட ஒரு ஜாடி உப்பு இருக்கும்போது, புதுப் பாக்கெட்டைப் பல்லால கிழிக்கறா. உப்புல போட்டாலும் துருப் புடிக்காதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கதான் சார்.”

முறத்தில் கவிழ்த்தார்கள். கல்லுப்புக்கு நடுவே டர்ன்பக்கிள் மாலை கலகலவென்று விழுந்தது. ஜெயப்பிரகாஷ் அதை எடுத்து உதறி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். “ஒரு நட்டு கம்மியா இருக்குது. பரவால்ல, பையில வேற வெச்சிருக்கேன்,” என்றான்.

மெர்லின் அவன் முன்னால் வந்து நின்றாள். “மன்னிச்சிக்கங்கண்ணா.”

“கோவம் இருக்குதுங்க. வேலை முடியறதுக்குள்ள எறங்கிடும்.”

பிலிப்பு முதல் கம்பியில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். மின்கம்பத்தில் ஏறிப் பழகிய மனுஷன். எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று அவருக்குத் தெரியாமலா போகும்? பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிட்டர் பக்கம் திரும்பிக் கேட்டார். “ஏம்பா, இதே கம்பியை நெட்டுக்குத்தா இழுத்தா?”

“மேலயும் கீழயும் இரும்புச் சட்டம் வெச்சா இழுக்கலாங்க. கால் வெக்க எடம் இருக்காது. மலையும் தெரியும். இன்னும் ரெண்டு பெட்டி திருகு புடிக்கும்.”

“வாங்கிடலாம்.”

“புகார் எழுதணுமா சார்?” என்றாள் கோகிலவாணி.

“வேணாங்க.”

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. டீக்கடைல சொன்னதை டீக்கடைலயே போயி மாத்திச் சொல்லணும். இவனையும் கூட்டிக்கினு போங்க. நானும் அந்த வழியாத்தான் போறேன்.”

போனார்கள். காலையில் இருந்த அதே ஆட்கள் அதே பெஞ்சில் இருந்தார்கள். மலையில் டீக்கடை பெஞ்சு அவ்வளவு சீக்கிரம் காலியாகாது. பிலிப்பு காலையில் பேசிய அதே சத்தத்தில் பேசினார்.

“இவன் எடுக்கல. நான் சொன்னது தப்பு.”

“அப்ப எடுத்தது யாரு?” என்றது ஒரு குரல்.

“எங்க வூட்டு உப்பு ஜாடி,” என்றார் பிலிப்பு.

யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் பெஞ்சே சிரித்தது. பின்னாலேயே வந்திருந்த அம்மாசியின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது. ஜெயப்பிரகாஷ் ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கிக்கொண்டான். அவன் போன் மறுபடி அடித்தது. திருக்கோவிலூர். இந்தத் தடவை எடுத்தான்.

சாயங்காலம் சாமியார் வந்து மந்திரித்தார். படிக்கட்டு ஓரமெல்லாம் குழந்தைக்குத் தடுப்பாகப் புடவை கட்டியிருந்ததைப் பார்த்து, ஜோடனை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் திருத்தவில்லை. நெட்டுக் கம்பி வேலை அதற்கப்புறம் முடிந்தது. ஜூலியா கால் வைக்க இடம் தேடித் தேடி அலுத்து, பூனையை விரட்டப் போய்விட்டாள்.

மழைக்காலத்தில் ஒருநாள், ரசத்துக்கு அந்த ஜாடியில் உப்பு அள்ளிய மெர்லினின் விரலில் என்னவோ தட்டுப்பட்டது. காணாமல் போன நட்டு. கழுவி மாமனாரிடம் கொடுத்தாள். பிலிப்பு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் சொல்லல?” என்றார். “ஒரு பொட்டு துரு இல்ல.”