பூக்காத பாத்தி

1992 நவம்பர் 21, சனிக்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடம்.

இணுவில் கிழக்கு ஒழுங்கைக் கமக்காரர் சங்கத்தின் களஞ்சியத்தில் எட்டு மூட்டை யூரியா இருந்திருக்கவேண்டும். ஏழுதான் இருந்தது.

குடாநாட்டுக்குள் யூரியா வரத் தடை இருந்த காலம். ஒக்ரோபர் முதல் கிழமையில் கிளாலிக் கடல் தாண்டி வள்ளத்தில் வந்த அந்த எட்டு மூட்டையையும் நம்பி நாற்பது குடும்பங்கள் புகையிலைக்கு நிலம் கொத்தியிருந்தன. மூட்டைகளை அடுக்கிப் பூட்டிய அறையைப் பங்கு பிரிப்பதற்காக அன்றுதான் திறந்தார்கள். பூட்டு உடையவில்லை. யன்னல் கம்பி வளையவில்லை. பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று சங்கத் தலைவர் சிவசுப்பிரமணியத்திடம், மற்றது காவலாளி தம்பிஐயாவிடம்.

தலைவர் முப்பது வருடம் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமை ஆசிரியராக இருந்தவர். பொய் சொன்ன பிள்ளையை வெயிலில் நிறுத்தியவர். அவருடைய பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தம்பிஐயாவைப் பார்த்தார்கள்.

செயலாளர் பஞ்சலிங்கத்திடம் அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

"ஊர் முழுக்க ஒரு பூங்கண்டும் ஒழுங்காய் நிக்கேல்லை. உவன்ரை முற்றத்திலை மட்டும் றோசா குலைகுலையாய்ப் பூக்குது. என்னத்தைப் போட்டுப் பூத்தது எண்டு கேளுங்கோ."

ஒன்பது மணிக்கு இயக்கப் பெடியளின் வாகனம் வந்தது. யார் சொல்லி அனுப்பினார்கள் என்று பிறகு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பிஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். தலைவர் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலை எட்டு மணி. ஓய்வுபெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர் இராசநாயகத்தின் வீட்டுப் படலையில் தம்பிஐயாவின் மனைவி நல்லம்மா வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"அவர் எடுக்கேல்லை ஐயா."

"எப்பிடித் தெரியும்?"

"எடுத்தால் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் எடுப்பார்."

முப்பத்துநான்கு வருடச் சேவையில் எத்தனையோ மனைவிமார் அவர் முன்னால் சத்தியம் செய்திருக்கிறார்கள். இப்படி ஒருத்தியும் சொன்னதில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஆளை இன்னும் பெடியளின் காம்பில்தான் வைத்திருக்கிறார்கள் என்றும், இரண்டு மூன்று நாளில் அங்கால், வேறு இடத்துக்கு, கொண்டுபோய்விடுவார்கள் என்றும் அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"அங்காலை போன ஆக்கள் திரும்பி வந்ததை நான் காணேல்லை ஐயா" என்றாள்.

இராசநாயகத்துக்கு இதில் இன்னொரு பொறுப்பும் இருந்தது. தலைவர் சிவசுப்பிரமணியம் அவருடைய கூடப்பிறந்த அண்ணை. சங்கத்தைத் தொடங்கியவர் அவர்களுடைய தகப்பனார். வாசல் பலகையில் அவருடைய பெயர்தான் இருந்தது. அந்தப் பெயருக்குக் கீழே ஒரு களவு நடந்திருக்கிறது. கள்ளனைப் பிடிப்பது குடும்பத்தின் கடமை என்று எண்ணிக்கொண்டே அவர் சைக்கிளை எடுத்தார்.

ஒன்பது இருபது. பஞ்சலிங்கம் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். இராசநாயகம் நிறைந்த மூட்டைகளைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த வெறும் உரப்பைகளை எண்ணினார்.

"பதினொண்டு கிடக்கு. முந்தி எத்தனை?"

"பத்து. நான்தான் அடுக்கினனான்."

பதினோராவது பை மற்றவற்றுக்கு மேலே கிடந்தது. நாலாக மடித்து, மூலைக்கு மூலை சரியாகப் பொருத்தி வைத்திருந்தது. உதறினார். தையலுக்குள்ளிருந்து வெள்ளைக் குருணி நாலைந்து விழுந்தது.

"தம்பிஐயா ஒரு மூட்டையைத் தனியத் தூக்குவானோ?"

"ஒண்டோ? எட்டும் அவன்ரை முதுகிலைதான் உள்ளை வந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா."

இராசநாயகம் பையை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

பதினொரு மணி. தம்பிஐயாவின் முற்றம். தாழ்வாரத்து ஓரமாகப் பழைய மண்ணெண்ணெய்த் தகரங்கள் பதினாலு, தகரத்துக்கு ஒரு ரோசா. மாரி மழையிலும் தண்ணீர் தேங்காதபடி தகரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டிருந்தான். இலை அளவாக இருந்தது. கொப்புகள் விரல் பருமனுக்கு மேல் இல்லை. பூவோ கொப்பை வளைத்துக்கொண்டு நின்றது. வெட்டிவிட்ட ஒவ்வொரு நுனியிலும் சாணம் அப்பிக் காய்ந்திருந்தது.

இராசநாயகம் பண்டாரவளையில் வேலை பார்த்த காலத்தில் குவாட்டர்ஸ் முற்றத்தில் ரோசா வளர்த்தவர். குந்தியிருந்து ஒரு தகரத்து மண்ணைக் கிளறி முகர்ந்தார். ஆட்டெரு, சாம்பல், தேயிலைச் சக்கை.

"எப்ப வெட்டினவர்?"

"ஒக்ரோபர் முதற்கிழமை. கார்த்திகை மாசத்துக்குக் கோயிலுக்குப் பூக் குடுக்கிறவர். வெட்டி நாற்பத்தைஞ்சு நாளிலை பூ வரும், அதுக்குக் கணக்காய்த்தான் வெட்டுவார்."

அவர் விரல் மடித்து நாளை எண்ணினார். சரியாக வந்தது. பூத்ததற்குக் காரணம் கத்தரிக்கோலும் சாம்பலும்தான் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் தம்பிஐயா எடுக்கவில்லை என்று மட்டும் போய்ச் சொன்னால், அப்போது எடுத்தது யார் என்று கேட்பார்கள். அதற்கு விடை இல்லாமல் காம்ப் வாசலில் போய் நிற்பதில் பயனில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் நாலேகால். மற்றத் திறப்பைப் பற்றிக் கேட்க அண்ணையின் வீட்டுக்குப் போனார்.

அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்தார். எழுபத்திரண்டு வயதிலும் அவர் முதுகு கதிரையில் சாய்ந்ததில்லை.

"திறப்பு எப்பவும் உங்களோடையோ?"

"ஓம். மடியிலை."

"உரம் வந்தாப்பிறகு களஞ்சியத்துப் பக்கம் போனனீங்களோ?"

"தலைவர் போகாமல் ஆர் போறது?"

"எத்தனை தரம்?"

"தம்பி, நீ தேத்தண்ணி குடிக்க வந்தனியோ, என்னை விசாரிக்க வந்தனியோ?"

இராசநாயகம் தேநீரை வாங்கிக் குடித்தார். கொண்டுவந்தவர் அண்ணையின் மனைவி குணலட்சுமி. சாமியறைப் படத்தில் செவ்வரத்தைப் பூ வைத்திருந்தது கதவு வழியே தெரிந்தது. அந்த வீட்டில் வருடம் முழுவதும் சாமிக்கு வைப்பது அண்ணை வளர்க்கும் ரோசா. தங்கள் பாத்தியில் ஒரு மாதமாக மொட்டே இல்லை என்று குணலட்சுமி குறைப்பட்டுக்கொண்டார்.

"மழையாக்கும், மச்சாள்" என்றார் இராசநாயகம்.

"மழையெண்டால் கண்டு வாடவேணுமே. இது என்ரை உயரத்துக்கு வளர்ந்து நிக்குது."

எழுந்து போய்ப் பார்த்தார். கிணற்றடிக்கு மேற்கே ஒரே பாத்தி, ஒன்பது கண்டு. ஒன்பதும் மதமதவென்று நின்றன. கறுத்த பச்சை இலை, பெருவிரல் மொத்தத்தில் நீர் கோர்த்த இளங்கொப்பு, குருத்தெல்லாம் செடிப்பேன் மொய்த்திருந்தது. ஒரு மொட்டுக் கிடையாது. நடுவில் நின்ற இரண்டு கண்டுகளில் மட்டும் இலை விளிம்பு தீய்ந்து சுருண்டிருந்தது. அந்த இரண்டுக்கும் இடையில் மண் இளகிக் கிடந்தது.

ஐந்தரை மணிக்கு அவர் படலையைத் தாண்டி ஒழுங்கையில் நின்றார். இடப்புறம் கால் மைலில் காம்ப். வலப்புறம் அவருடைய வீடு. இன்னும் ஒரு சாட்சியம் வேண்டும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சேவையில் இருந்த காலத்தில் இதில் பாதிச் சாட்சியத்தோடு அவர் ஆட்களைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். அது அவருக்கும் தெரியும். அவர் பார்த்தது தகப்பனின் பெயரை. வலப்புறம் திரும்பினார்.

செவ்வாய் காலை ஆறரை. அலவாங்கோடு வந்தார். அண்ணை குளித்து ஈர வேட்டியோடு கிணற்றடியில் நின்றார். தம்பியையும் அலவாங்கையும் பார்த்தவர் ஒதுங்கி வழிவிட்டார்.

இராசநாயகம் தீய்ந்த இரண்டு கண்டுகளுக்கும் நடுவே அலவாங்கை இறக்கி நெம்பினார். கிழிந்த பொலித்தீன் துண்டு ஒன்று மேலே வந்தது. அதோடு மூக்கை எரிக்கும் நெடியும் வந்தது.

"எல்லாரும் பூத்த றோசாவைப் பாத்தினம், அண்ணை. பூக்காத றோசாவை ஒருத்தரும் பாக்கேல்லை. யூரியா இலையைத்தான் வளர்க்கும். அளவுக்கு மிஞ்சினால் கண்டு கொப்பும் இலையுமாய் ஏறும், மொட்டு வராது. வேருக்குப் பக்கத்திலை இருந்தால் இலையை எரிக்கும். தம்பிஐயா யூரியா போட்டிருந்தால் அவன்ரை தகரத்திலை இந்தப் பூ இராது."

அண்ணை ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார்.

"மூட்டையை முதுகிலை தூக்கிறவன் மூட்டையோடை போவான். தூக்க ஏலாதவர்தான் பையை அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொண்டு போனவர். பட்டப்பகலிலை நாலைஞ்சு தரம் உமல்பையோடை களஞ்சியத்துக்கு வந்து போனாலும் ஊர் கேக்காத ஆள் ஒராள்தான். வெறும் பையை நாலாய் மடிச்சு மூலை பொருத்தி வைக்கிற ஆளும் அந்த ஒராள்தான். நீங்கள்தான் எடுத்தனீங்கள்."

"ஓம்" என்றார் சிவசுப்பிரமணியம்.

பிறகு சொன்னார். எட்டு மூட்டையையும் பெடியள் கேட்டு வரப்போகிறார்கள் என்று ஒக்ரோபரில் ஒரு கதை அடிபட்டது. ஒரு மூட்டையாவது சனத்துக்கு மிஞ்சட்டும் என்று பொலித்தீனில் சுற்றிப் பாத்தியில் புதைத்தார். பெடியள் வரவில்லை. மழைதான் வந்தது. பங்கு பிரிக்கும் நாள் குறித்தபோது, முதல்நாள் எடுத்துக்கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று கிண்டினார். பொலித்தீன் கிழிந்து எல்லாம் கரைந்து போயிருந்தது. திருப்பி வைக்க ஒரு பிடியும் இல்லை.

"அண்டைக்கு வாய் திறந்திருக்கலாமே, அண்ணை."

"என்னெண்டு? தலைவர் தன்ரை களஞ்சியத்திலை தானே எடுத்து ஒளிச்சவர் எண்டோ? அப்பாவின்ரை பேர் போட்ட பலகைக்குக் கீழை நிண்டு சொல்லவோ?"

"அந்தப் பலகைக்குக் கீழைதான் தம்பிஐயாவை ஏத்தினவை."

அண்ணை உள்ளே போனார். வெளியே வந்தபோது திருநீறு பூசி, வெளுத்த வேட்டி உடுத்து, சால்வையை மடித்துத் தோளில் போட்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று குணலட்சுமி கேட்டதற்கு, போட்டு வாறன் என்று மட்டும் சொன்னார்.

எட்டு நாற்பது. காம்பில் மேசைக்குப் பின்னால் இருந்த பொறுப்பாளனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கிழவரைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ ஐயா. என்ரை அப்பா உங்களிட்டைப் படிச்சவர்."

சிவசுப்பிரமணியம் இருக்கவில்லை. நின்றபடி, ஒன்றையும் மறைக்காமல், எடுத்த நாள் முதல் உரம் கரைந்தது வரை சொன்னார். இராசநாயகம் பொலித்தீன் துண்டை மேசையில் வைத்தார். பொறுப்பாளன் எழுதுவதற்குக் கொப்பியைத் திறக்கவில்லை. அவன் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போனது.

"விளங்குது ஐயா. ஏழைக் குடும்பம் எண்டு பாவம் பாத்து நீங்கள் பழியை ஏக்கிறியள். உங்களைப் போல ஆக்கள்தான் செய்வினம். ஆனால் நீங்கள் களவெடுத்தனீங்கள் எண்டு சொன்னால் இந்த ஊரிலை ஒரு குழந்தையும் நம்பாது."

"நான்தான் எடுத்தனான். எழுதும்."

"எழுதி என்ன செய்யிறது? அந்தாளை இண்டைக்கு விடிய ஆறு மணிக்கு ஏத்திப் போட்டினம்."

"எங்கை?" என்றார் இராசநாயகம்.

"அது எனக்குச் சொல்ல மாட்டினம். அந்த விசயம் முடிஞ்சுது. வீட்டை போங்கோ ஐயா."

"என்னைப் பிடியும்" என்றார் சிவசுப்பிரமணியம். குரல் உயரவில்லை. பொறுப்பாளன் மேசையைச் சுற்றி வந்து, தோளிலிருந்து நழுவி விழுந்த சால்வையை எடுத்து அவர்மேல் போட்டு, கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்து விட்டான்.

நேற்று மாலை ஐந்தரைக்கே இராசநாயகத்துக்குத் தெரியும். இன்று காலை ஆறு மணிக்கு ஏற்றியிருக்கிறார்கள். பன்னிரண்டரை மணித்தியாலம். நடந்துவரும்போது இராசநாயகம் இதை அண்ணைக்குச் சொல்லவில்லை. கள்ளனைப் பிடித்த எந்த வழக்கிலும் அவர் இப்படித் தலை குனிந்து நடந்ததில்லை.

ஒழுங்கை முடக்கில் நல்லம்மா நின்றாள். இரண்டு பேரும் காம்ப் பக்கம் போனதை யாரோ சொல்லியிருக்கவேண்டும். அவர்களுக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு இவர்களைப் பார்த்தாள்.

சிவசுப்பிரமணியம் அவளுக்கு முன்னால் நின்றார். தன்னிடம் படித்த பிள்ளைகள் முன்னாலும் தகப்பனின் பிரேதத்துக்கு முன்னாலும் நின்றதுபோல நிமிர்ந்துதான் நின்றார்.

"யூரியாவை எடுத்தது நான். தம்பிஐயா இல்லை. இண்டைக்கு விடியக் கொண்டு போட்டினம். எங்கை எண்டு சொல்லீனம் இல்லை."

அவள் அழுவாள், ஏசுவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று இராசநாயகம் எதிர்பார்த்தார். அதற்கெல்லாம் அவர்கள் தகுதியானவர்கள்தான். நல்லம்மா தலைவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டரிடம் மட்டும் கேட்டாள்.

"சனிக்கிழமை வெறும் வயித்தோடை போனவர். சாப்பாடு குடுத்தவையோ எண்டு கேட்டனீங்களோ, ஐயா?"

கேட்கவில்லை.