சொந்தமாக எழுதிய உத்தரவு

சொந்தமானி மூன்றாவது முறையாகச் சிவந்து, "பதினொன்று" என்றது. மாவட்டக் கல்வி அதிகாரி குணசீலன் பேனாவைக் கீழே போட்டார்.

"எழுத வரமாட்டேங்கு டீச்சர். நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்."

மெட்டில்டாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தூத்துக்குடி எழுத்துப் பயிற்சி நிலையத்தில் பதினெட்டு வருடமாக மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவள் அவள். இப்போது குணசீலன் எழுதத் திணறியது, அவளை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு.

எல்லாவற்றையும் பொறிகளே எழுதித் தள்ளிய காலத்தில் அரசாங்கம் திடீரென்று விழித்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டது. தேர்வுத்தாளோ அரசு உத்தரவோ, எழுதுகிறவரின் சொந்தச் சிந்தனை நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது இருக்க வேண்டும். நெற்றியில் கட்டிய பட்டை வழியாக அதை அளப்பதுதான் சொந்தமானி. யாராவது ஒரு வரி எடுத்துக்கொடுத்தால் எண் சரிந்துவிடும். அதனால் மெட்டில்டா கேள்வி மட்டும் கேட்பாள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். சும்மா உட்கார்ந்திருக்க ஓர் ஆள் எதற்கு என்று மேலிடம் முடிவு கட்டிவிட்டது. அவள் இடத்துக்குக் கேள்விப்பொறி வருகிறது.

"அந்தப் பொறிகிட்ட உக்காந்து பார்த்தீங்களா சார்?"

"காலையிலேருந்து நூறு கேள்வி கேட்டுருச்சு. ஒண்ணுக்கும் பதில் சொல்ல மனசு வரல."

நாலு கேள்வியிலேயே அவர் மனதைத் தன் பக்கம் வளைத்துவிட அவளுக்குத் தெரியும். ஆசையும் இருந்தது. ஐம்பது வயதில் வேறு எந்த வேலைக்குப் போவாள்? ஆனால் எழுத வந்தவரைத் தன் இஷ்டத்துக்கு இழுப்பது அவளுக்கு ஆகவே ஆகாது.

"இத யாரு படிக்கப்போறாங்க சார்?"

"நீங்கதான்."

"அப்ப எனக்கே எழுதுங்க."

குணசீலன் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு குனிந்து எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"நீங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தீர்கள். மேலிடத்தை எதிர்த்துப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் நாளை முதல் உங்களுக்கு இங்கே வேலை இல்லை."

சொந்தமானி பச்சையானது. "தொண்ணூற்றேழு."

மெட்டில்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போன துக்கம் ஒரு பக்கம். இத்தனை உண்மையாக எந்த மாணவரும் மூன்று வரி எழுதியதில்லையே என்ற சந்தோஷம் இன்னொரு பக்கம். "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

குணசீலன் தலைகால் புரியாமல் துள்ளி எழுந்தார். "நானா எழுதினேன் டீச்சர்! மாவட்டத்துல இன்னும் பதினாலு நிலையத்துக்கு எழுதணும். இதையே நகல் எடுத்தா மானி விடாது, ஒவ்வொண்ணும் புதுசா யோசிக்கணும். நாளைக்கு எத்தன மணிக்கு உங்ககிட்ட வரட்டும்?"

மெட்டில்டா தாளின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். அவர் அதை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.